கம்ப்யூட்டரில் வரைந்த குட்டை

மணிமுத்தாற்றில் ஊற்றுத் தோண்டி மொண்ட தண்ணீரை முகர்ந்து பார்த்த மகேஸ்வரி முகத்தைச் சுளித்தாள்.

"கம்பெனிக்குப் புதுசா வந்த கம்ப்யூட்டர்ல எந்நேரமும் கோடு இழுக்குறீங்களே, இந்தச் சாக்கடை ஆத்துல வுழாதபடிக்கு ஒரு கோடு இழுக்கக் கூடாதா?"

கணவர் ஆதிநாராயணன் சிரித்தார். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த வாரம் முடிவதற்குள் அவள் இல்லை.

காரியம் முடிந்து பீங்கான் தொழிற்சாலைக்குத் திரும்பியவர், கப்பும் சாஸரும் வரையும் திரையில் ஒரு குட்டை வரைய ஆரம்பித்தார். சாக்கடையை நாணலுக்குள் விட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் ஆற்றுக்கு அனுப்பும் குட்டை. நகராட்சிக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி, சாக்கடையோரப் புறம்போக்கில் வெட்டியும் விட்டார்.

சாக்கடை நேராக உள்ளே வந்து, நேராகவே வெளியேறியது.

"அண்ணே, சாக்கடைக்குப் பைபாஸ் ரோடு போட்டுட்டீங்க," என்றான் கூட வேலை செய்யும் அர்ச்சுனன்.

திரையில் வளைவுகள் வைத்தார். அப்படியே மண்ணிலும் வெட்டினார். வளைவுக்கு வளைவு தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்தது.

"ஏம்ப்பா, போன பொண்டாட்டிக்குத் தொணையாத் தெருவையே அனுப்பப் பாக்குறியா?" என்று அந்தத் தெருக் காசியம்மாள் கரையில் நின்று கத்தினாள்.

திரையில் சரிவைத் திருத்தினார். அடியில் உடைந்த கப்புகளைக் கொட்டினார். கொசு போயிற்று. ஆடு வந்து நாணலை மொட்டையடித்தது.

"ஆட்டையும் கம்ப்யூட்டர்ல வரைஞ்சிருக்கணும்ணே."

"சும்மா கெட. இன்னொரு தடவ நடுவேன்."

இந்த முறை கல்வாழை நட்டு முள் கட்டினார். சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்தது. பூப்பறிக்க வந்த பெண்கள் முள்ளை ஒதுக்கினார்கள். அழகாக வளைந்த கரையில் யாரோ ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"இருக்கட்டும். ஆடாவது வராது," என்றார் ஆதிநாராயணன்.

தொழிற்சாலையில் வேலை நெருக்கியது. ஐப்பசி மழை விட்ட பிறகுதான் அர்ச்சுனனோடு குட்டைக்குப் போனார். கண்ணாடியாய்த் தண்ணீர். அடியில் கப்புத் துண்டுகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. ஒரு கை அள்ளி முகர்ந்தார். நாற்றமே இல்லை.

"மகேசு, இழுத்துட்டேன்டி கோட்ட," என்றார்.

"ஜெயிச்சிட்டீங்கண்ணே!"

பிள்ளையாருக்கு விளக்கேற்ற வந்த காசியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"பின்ன? சாமி இருக்குற கொளத்துல சாக்கடைய வுடுவாங்களா? ஆடியிலயே அது உள்ள வர்ற வாய அடைச்சு, பழையபடி ஆத்துக்கே திருப்பிட்டோம்."