பழைய மாடத்து மஞ்சள் நூல்

மாடமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு மக்களுக்கும் மற்றவர்களைப் போலவே முகம், பெயர், தாய் தகப்பன் எல்லாம் இருந்தன. ஆனால் அரசாங்கத்துக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மனிதன் யார் என்பதை அங்கே அவன் வீட்டுப் புறாமாடம்தான் சொல்லும்.

ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு மாடம். அந்த மாடத்துக்கும் தலைநகரப் புறாச்சாவடிக்கும் இடையே பறந்து பழகிய ஒரு புறா. அரசாங்கம் எதைக் கேட்க வேண்டுமானாலும் புறாவின் காலில் ஒரு சுருளைக் கட்டி அனுப்பும். ஆம் என்றால் மஞ்சள் நூல், இல்லை என்றால் கறுப்பு நூல் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். கல்யாண அனுமதி, வயலுக்குத் தண்ணீர், கோட்டைக் காவலுக்குப் போன ஆள் வீடு திரும்புவது, எல்லாம் இப்படித்தான் நடந்தன. மன்னர் கீர்த்திவளவருக்கும் அரண்மனை மேல்மாடியில் ஒரு மாடம் உண்டு. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று காட்டுவதற்காக அவருடைய தாத்தா வைத்தது. அதில் எந்தப் புறாவும் வந்து யாரும் பார்த்ததில்லை.

கீர்த்திவளவர் குன்றின் மேல் ஒரு புது அரண்மனை கட்டினார். கட்டி முடித்துப் பார்த்தால் ஏதோ குறைந்தது. அதன் நிழல் விழ ஓர் ஏரி இல்லை என்று மந்திரிகள் கண்டுபிடித்தார்கள். குன்றின் கீழே பாலூர் என்ற ஊர் இருந்தது. ஒரே மழைக்காலத்தில் அது ஏரி ஆயிற்று. ஊர்க்காரர்கள், மன்னர் விட்டுப்போன பழைய அரண்மனையின் யானைக்கொட்டாரத்தில் குடியேற்றப்பட்டார்கள். யானை இருந்த இடம் என்பதால் தாராளமாக இருக்கும் என்று அரசாங்கம் அறிவித்தது.

அப்படி வந்தவர்களில் தையல்நாயகியும் ஒருத்தி. அவள் கணவன் செங்கோடன் வடகோட்டைக் காவலுக்குப் போயிருந்தான். புறப்பட்ட அன்று காலையில் இருவருக்கும் சண்டை. என்ன சண்டை என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. ஆனால் வாசலில் நின்று "போய்த் தொலைங்க" என்று சொன்னது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

கோட்டைக்கு ஒரு விதி உண்டு. காவல் தவணை முடிந்ததும் வீட்டுக்குப் புறா வரும். "உங்கள் வீட்டு ஆள் உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்கும். மஞ்சள் நூல் போனால் ஆளை அனுப்புவார்கள். பதில் வராவிட்டால் அவனை யாரும் தேடவில்லை என்று பொருள். அதை அவனிடம் சொல்லிவிட்டு, இன்னொரு தவணைக்கு நிறுத்திக்கொள்வார்கள்.

தையல்நாயகி முந்தானை முடிச்சில் மஞ்சள் நூல் வைத்திருந்தாள். மாடம்தான் தண்ணீருக்கடியில் இருந்தது.

புறாச்சாவடிச் சாளரத்தில் உலகளந்தான் என்ற எழுத்தர் இருந்தார். அவர் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் முகம் தெரிந்துவிடும். முகம் தெரிந்தால் நீதி வழுவும் என்பது அவர் கொள்கை.

"ஐயா, எங்க மாடத்தை மாத்தணும். இப்போ யானைக்கொட்டாரத்துல இருக்கோம்," என்றாள் தையல்நாயகி.

"மிக எளிது. 'மாடத்தை மாற்ற விரும்புவது நீதானா?' என்று ஒரு புறா அனுப்புவோம். மஞ்சள் நூல் கட்டி அனுப்பினால் போதும்."

"எங்க அனுப்புவீங்க?"

"பழைய மாடத்துக்கு."

"அது ஏரிக்குள்ள இருக்குங்கய்யா."

"அது பொதுப்பணித்துறை விவகாரம். நாங்கள் புறா மட்டும்தான்."

"நான்தான் நேர்லயே நிக்கிறேனே. என்னைக் கேளுங்க, சொல்றேன்."

உலகளந்தான் வருத்தத்தோடு தலையசைத்தார். "அம்மணி, உன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருத்தி வந்து மாடத்தை மாற்றிக்கொண்டால் உன் கதி என்ன? அந்த வேறொருத்தியிடமிருந்து உன்னைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம்."

"அந்த வேறொருத்தி வந்தா எனக்குப் புருஷனாவது கிடைப்பான்," என்றாள் தையல்நாயகி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். உலகளந்தான் சிரிக்கவில்லை. அவர் புறாவை அனுப்பினார்.

அவள் ஏரிக்கரைக்கு ஓடினாள். புறா வந்தது. தன் வீடு இருந்த இடத்துக்கு மேலே வட்டமடித்தது. அவள் கரையில் நின்று கைதட்டினாள், கூப்பிட்டாள், தானியம் வீசினாள். அரசாங்கப் புறா, அது ஒழுங்கு தவறாதது. தண்ணீருக்கு மேலேயே சுற்றிச் சுற்றி, களைத்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. செங்கோடனின் தவணை முடிந்து, கோட்டையின் கேள்வியோடு வந்தபோதும் அது அப்படியே திரும்பிப் போயிற்று.

பாலூர்க்காரர்களின் முறையீடுகள் பெருகவே, அரசாங்கம் மனமிரங்கியது. ஏரியில் மிதவை போட்டு அதன்மேல் மாடம் கட்டிக்கொள்ளலாம் என்று ஆணை வந்தது. மிதவைக்கு அனுமதி பழைய மாடத்துக்குத்தான் அனுப்பப்படும். பிறகு, மூன்று முறை மஞ்சள் நூல் அனுப்பத் தவறியவர்கள் ஓராண்டுக்குச் சாளரத்தை நெருங்கக் கூடாது என்று இன்னோர் ஆணை வந்தது. அவர்கள் வீணாக அலைவதைத் தடுக்கவாம். மனம் நொந்தவர்களுக்காக ஆறுதல் மண்டபம் ஒன்று திறந்தார்கள். அங்கே ஒரு கிளி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் குறை எங்களுக்கு முக்கியம். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று சொல்லும்.

தையல்நாயகியோடு கொட்டாரத்தில் இருந்த அமிர்தம் தன் மகள் கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு அலைந்துகொண்டிருந்தாள். அவள் ஒருநாள் கிளியிடம் போய்விட்டு வந்தாள்.

"என்னக்கா சொல்லுச்சு?"

"நல்லாத்தான் சொல்லுச்சு. மாப்பிள்ளை வீட்டுல இன்னும் ஒரு மாசம்தான் பொறுப்பாங்களாம். அதையும் சொன்னேன். அதுக்கும் அதையேதான் சொல்லுச்சு. கழுத்தைத் திருகிடலாம்னு பார்த்தேன், கூண்டுக்கு நாலு காவக்காரன்."

இந்தச் சமயத்தில் புது அரண்மனையில் ஒரு விபரீதம் நடந்தது. சமையல்காரன் ஒருவன் மன்னர் குரலில் கட்டளையிட்டு, களஞ்சியத்திலிருந்த பலாப்பழங்களை எல்லாம் வெளியே கொண்டுபோய்விட்டான். தலைமைப் புறாநாயகர் சர்வசித்தர் உடனே சபையில் எழுந்தார்.

"வேந்தே! இன்று பலாப்பழம். நாளை நாடு. இனிமேல் தங்கள் ஒவ்வோர் ஆணையும் தங்கள் மாடத்துக்குப் புறா அனுப்பி உறுதி செய்யப்பட்ட பிறகே நிறைவேற வேண்டும். மாடம் சொல்வதே மன்னர் சொல்!"

தன் பாதுகாப்பில் இவ்வளவு அக்கறையா என்று கீர்த்திவளவருக்குக் கண் கலங்கியது. சபை கைதட்டியது. மன்னரின் மாடம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் தையல்நாயகி பழைய அரண்மனை மேல்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காலில் வெள்ளி வளையம் போட்ட கொழுத்த புறா ஒன்று வந்து, பாழடைந்த மாடத்தில் இறங்கி, மரியாதையாகக் காத்திருந்தது. அவள் சுருளைப் பிரித்தாள்.

"மாமன்னருக்கு: வடகோட்டைக் காவலர்கள் இன்னும் இரண்டு தவணை இருக்கட்டும் என்று ஆணையிட்டது தாங்கள்தானா? ஆம் எனில் மஞ்சள் நூல். மாற்றம் உண்டெனில் பின்புறம் எழுதி, மஞ்சள் நூல்."

அவள் மறுபடியும் படித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்த சேலைகளைத் தவிர யாரும் இல்லை. அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள். அவளுக்கு ராஜபாஷை தெரியாது. "எல்லாரையும் உடனே வீட்டுக்கு அனுப்பு" என்று எழுதினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இத்தனை நாள் வைத்திருந்த மஞ்சள் நூலைக் கட்டினாள்.

வடகோட்டை காலியாயிற்று. அதிகாரிகள் யாரும் வியக்கவில்லை. ஆணை வழக்கத்தைவிடத் தெளிவாக இருக்கிறதே என்று மட்டும் ஒருவர் குறிப்பிட்டார்.

செங்கோடன் தாடியும் மூட்டையுமாகக் கொட்டார வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"யாரும் தேடலைன்னு சொன்னாங்க," என்றான்.

"யார் சொன்னது?"

"பதில் வரலையாம்."

"புறா தண்ணிமேல சுத்திக்கிட்டு இருந்துச்சு. நான் கரையில நின்னு தொண்டை கிழியக் கத்தினேன்."

அவன் மூட்டையை இறக்கிவைத்தான். "போய்த் தொலைன்னு சொன்னியே."

"தொலைஞ்சா போனீங்க? வந்துட்டீங்கல்ல. காலைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது," என்றாள். குரல் உடைந்ததை மறைக்க, பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

அதற்குள், கோட்டை காலியானதைக் கேட்ட மன்னர் புறாச்சாவடிக்கே நேரில் வந்துவிட்டார். வரிசையைத் தாண்டிச் சாளரத்தில் கையை ஓங்கி அடித்தார்.

"நான் யார் தெரிகிறதா?"

உலகளந்தான் எழுந்து வணங்கினார். "தெரிகிறது, வேந்தே. ஆனால் தெரிவது வேறு, உறுதியாவது வேறு."

"நாட்டின் காசில் இருப்பது என் முகமடா!"

"காசில் இருக்கும் முகம் செல்லும், வேந்தே. கழுத்தின் மேல் இருப்பதற்கு இன்னும் விதி வரவில்லை."

"சரி, என் மாடத்தைப் புது அரண்மனைக்கு மாற்று!"

"மிக எளிது. பழைய மாடத்துக்கு ஒரு புறா அனுப்புவோம்."

வெள்ளி வளையப் புறா மேல்மாடிக்கு வந்தது. தையல்நாயகி கறுப்பு நூல் கட்டினாள். பழைய அரண்மனையைச் சோதிக்கப் படை அனுப்பலாமா என்று அடுத்த முறை கேட்டு வந்தது. அதற்கும் கறுப்பு. மூன்றாம் முறை மன்னர் மறுபடியும் மாடம் மாற்றத்தையே கேட்டார். மூன்றாவது கறுப்பு நூல் போனதும் உலகளந்தான் மிகுந்த பணிவோடு, இனி ஓராண்டுக்குச் சாளரத்தை நெருங்கக் கூடாது என்று அவரிடம் சொன்னார். சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பிறகு கீர்த்திவளவர் ஆறுதல் மண்டபத்துக்குப் போவதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். கிளி அவரிடமும் பாரபட்சம் காட்டவில்லை.

நாடு நடந்தது. புறாக்கள் வந்தன, போயின. சில நல்ல ஆணைகளும் பிறந்தன. கொட்டாரத்துக்குக் கூரை வேய்ந்தார்கள். ஆறுதல் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணறு வெட்டினார்கள்.

"மேல்மாடியில புறா மேய்க்கிறியே," என்று செங்கோடன் ஒருநாள் சிரித்தான். "அந்தப் பாழாப்போன பழைய மாடத்துச் சட்டத்தை எடுத்துடேன். ஒரு வரிதானே? அமிர்தம் அக்கா பாவம், இன்னைக்கும் வரிசையில நிக்கிறாங்க."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றாள் தையல்நாயகி. அன்று வந்திருந்த சுருளைத் திருப்பி, கரித்துண்டை எடுத்தாள். "இனிமேல் யாரும்" என்று எழுதினாள். அங்கேயே நிறுத்தினாள்.

"என்ன?"

"சட்டத்தை எடுத்துட்டா அவரும் மாடத்தை மாத்திக்குவாரே."

"யாரு?"

"புது அரண்மனைக்காரரு. மாத்தினதும் முதல் ஆணை என்ன போடுவாரு?"

செங்கோடன் வடகோட்டையின் பனியில் மரத்துப்போன விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டான். "அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் தனியா ஒரு ஆணை போட்டா?" என்றான்.

"ஒருத்திக்குப் போட்டா எப்படிக் கிடைச்சதுன்னு ஊரே கேக்கும்."

அவள் சுருளை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

சாயங்காலம் அமிர்தம் மேல்மாடிக்கு ஏறி வந்தாள். படியேறிய களைப்பில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

"உன்னைத்தான் கேக்கணும்னு வந்தேன். நீ எந்தச் சாளரத்துல கேட்டு உன் வீட்டுக்காரரை வரவழைச்சே? மறைக்காம சொல்லு தாயி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்போது வெள்ளி வளையப் புறா மாடத்தில் வந்து இறங்கியது. தையல்நாயகி உலர்ந்த சேலை ஒன்றை எடுத்து உதறுவதுபோல் மாடத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அமிர்தத்தின் கையைப் பிடித்தாள். அவளுக்கு அந்த அக்காமீது உண்மையிலேயே பிரியம் உண்டு.

"உங்க குறை எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள் கனிவாக. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க. எல்லாம் நம்ம பாதுகாப்புக்காகத்தான்."