நின்றுகொண்டே இருந்த செனட்டர்

பொதுமக்களின் நலனுக்காக ஒரு மனிதரால் எவ்வளவு காலம் நிற்க முடியும் என்ற கேள்விக்கு, ஏற்காடு மலையில் எங்கள் வார்டைத் தவிர வேறெங்கும் முறையான விடை கிடைத்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் திருமிகு அம்மாசி அவர்கள், எனக்கு மீசை அரும்பிய காலத்திலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். முதலில் தேர்தலில் நின்றார். பிறகு காதுகுத்து, கல்யாணம், எழவு என்று நாங்கள் கூடிய இடங்களிலெல்லாம் வந்து நின்றார். ஒருமுறை வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அப்போது தன் மனைவி அற்புதத்தை நிற்க வைத்தார். அந்த ஐந்து வருடமும் கையெழுத்து அந்தம்மாவுடையது, நாற்காலி இவருடையது.

அவருடைய முதல் வாக்குறுதி, பலாமரத்து வளைவில் பஸ் நிற்கும் என்பது.

மஞ்சக்குட்டையிலிருந்து சேலம் போகும் பஸ் தினமும் காலையில் அந்த வளைவைக் கடந்துதான் போகிறது. பனிக்குள் முதலில் சத்தம் வரும், பிறகு வெளிச்சம் வரும், பிறகு பஸ் வரும், பிறகு அதுவும் போய்விடும். நல்ல காலம் என்று சொல்கிறார்களே, அது கன்னத்தில் காற்றடிக்கிற தூரம் வரைக்கும் வந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அம்மாசி நின்றார், ஜெயித்தார். பஸ் நிற்கவில்லை.

பஸ் நிற்கும் வரை மக்கள் சிரமப்படக் கூடாதென்று அவர் ஒரு ஜீப் வாங்கி ஓட்டினார். ஜீப் மூன்றானதும், பஸ் நின்றால் ஜீப் ஓட்டுகிறவர்களின் குடும்பங்கள் சிரமப்படுமே என்று கவலைப்பட்டார். கொள்கையில் மாற்றமில்லை, யாரும் சிரமப்படக் கூடாது. அவர் ஜீப் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்த ஜீப் என்பது, கடைசியாக ஏறியவரின் ஒரு கால் வெளியே இருக்கும் ஜீப்.

நெடுங்காலப் பொதுவாழ்வில் சர்ச்சைகள் வராமலா இருக்கும்? வந்தன. குடிநீர்த் தொட்டியை அவருடைய காப்பித் தோட்டத்துக்குள் கட்டினார்கள். வெளியே கட்டினால் குரங்கு தொல்லை என்று விளக்கம் தந்தார். தெருவிளக்கு அவர் ஊட்டு வாசலில் மட்டும் எரிந்தது. இருட்டில் யாராவது குறை சொல்ல வந்தால் வழி தெரிய வேண்டாமா என்றார். மலையில் பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று அவர் முழங்கியதை, அடிவாரம் வரைக்கும் வளைவுக்கு ஒன்றாக பிளாஸ்டிக் பேனரில் அடித்துக் கட்டினார். எல்லாச் சர்ச்சையையும் அவர் நின்றபடியே சமாளித்தார்.

இந்த நிலையில்தான் அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவர் மகன் ஜெயபிரகாஷ் அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனான். ஊரைச் சுற்றிக் காட்டியபோது அந்த நாட்டு செனட் சபையையும் காட்டினான். உள்ளே ஒரு கிழவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்துக்கு மேலாக அவர்தான் செனட்டராம். ஒரு பாலம் கட்டக் கூடாதென்று பன்னிரண்டு வருடம் எதிர்த்துவிட்டு, கட்டி முடித்ததும் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவராம். மச்சான், மருமகன் எல்லாருக்கும் அரசாங்க வேலையாம். இப்போது எதற்காகப் பேசுகிறார் என்று அம்மாசி கேட்டார். எதற்காகவும் இல்லை, அவர் உட்காராமல் பேசிக்கொண்டே இருந்தால் ஓட்டெடுப்பு நடத்த முடியாது, அதற்காகத்தான் என்று மகன் விளக்கினான்.

அம்மாசிக்குக் கண் கலங்கிவிட்டது. கடல் தாண்டி வந்து சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

வெளியே நடையில் அந்தக் கிழவர் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். "ஏற்காடு" என்றார் அம்மாசி. கிழவருக்குக் காது மந்தம். "ஓ, ஈக்வடார்! உங்கள் வாழைப்பழம் பிரமாதம்" என்றார். நம் மலை வாழைப்பழத்தின் புகழ் அமெரிக்க செனட் வரைக்கும் எட்டியிருக்கிறது என்று அம்மாசி ஊர் திரும்பிய முதல் கூட்டத்திலேயே அறிவித்தார். கை கொடுத்த படம் பேனராக வந்தது. 'அமெரிக்க செனட்டருடன் நமது செனட்டர்' என்று கீழே போட்டிருந்தது. அன்றிலிருந்து அவர் செனட்டர். கோட்டு போட்டுக்கொண்டார். வேட்டிக்கு மேலேதான்.

அந்தச் சித்திரையில் கண்ணாயி மனு கொடுத்தாள். எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவள், செனட்டருக்குத் தூரத்து முறையில் மருமகள். அவள் மகள் வெண்ணிலாவுக்கு சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்திருந்தது. ஜீப் நிறைந்து, ஏற்காடு போய், அங்கே பஸ் மாறிக் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் ஷட்டர் தூக்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் தாங்காது, ஆடி பிறந்த பிறகு ஒருநாள் லேட்டானாலும் வராதே என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பஸ் வளைவில் நின்றால் வேலையும் கையில் நிற்கும். நிற்காவிட்டால் மகளும் எஸ்டேட்டுக்குக் கூடை தூக்க வேண்டியதுதான்.

போக்குவரத்து அலுவலகத்தின் மேலாளர் வெங்கடேஷ் மனுவை மரியாதையோடு வாங்கிப் படித்தார்.

"அங்க நிறுத்தம் குடுக்க முடியாதுங்கம்மா. நாங்க கணக்கெடுத்துட்டோம். போன வருசம் பூரா அந்த வளைவுல ஒருத்தர்கூட பஸ் ஏறல."

"பஸ் நின்னாத்தானுங்க ஏற முடியும்."

"யாராச்சும் ஏறுனாத்தானுங்க நிறுத்த முடியும்."

இருவரும் சொன்னது சரி என்பதால் பேச்சு அங்கேயே நின்றது. ஒன்றியக் குழு தீர்மானம் போட்டு அனுப்பினால் மட்டும் பரீட்சார்த்தமாக நிறுத்திப் பார்க்க விதியில் இடமிருக்கிறது என்று அவரே வழியும் சொன்னார்.

அப்போது சேர்மன் பதவி கோர்ட்டில் இருந்ததால் ஒன்றியக் கூட்டத்தை நடத்தியது பி.டி.ஓ. சிவரஞ்சனி. நல்ல அதிகாரி, விதிப்புத்தகத்தைக் கையோடு வைத்திருப்பார். பலாமரத்து வளைவு அஜெண்டாவில் வந்ததும் செனட்டர் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பஸ்ஸின் தோற்றம், வளர்ச்சி, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஒவ்வொன்றாக நன்றி, வெள்ளைக்காரன் காப்பி கொண்டுவந்த வரலாறு, தான் விமானத்தில் சாப்பிட்டது என்று பேசிக்கொண்டே போனார். அலுவலக நேரம் முடிந்தது. தீர்மானம் அடுத்த மாதத்துக்குப் போயிற்று.

உறுப்பினர் எப்போது பேச்சை முடிக்க வேண்டும் என்று சிவரஞ்சனி புத்தகத்தில் தேடினார். எப்போது தொடங்கலாம் என்று மட்டும்தான் இருந்தது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். 'நடைமுறையில் உள்ள வழக்கத்தைப் பின்பற்றவும்' என்று பதில் வந்தது. வழக்கம் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே சித்திரையில் செனட்டர் செய்தது வைகாசியில் வழக்கமாகிவிட்டது. வைகாசியில் அவர் வாழைப்பழம் பற்றி மட்டுமே சாயங்காலம் வரைக்கும் பேசினார்.

ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த கண்ணாயி, கூட்டம் முடிந்ததும் பி.டி.ஓ.வை மடக்கினாள்.

"ஏனுங்கம்மா, மாமா உக்காந்துட்டா?"

"உக்காந்துட்டா அவர் பேச்சு முடிஞ்சதா அர்த்தம். அடுத்த நொடி நான் தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டுடுவேன். மத்தவங்க யாருக்கும் ஆட்சேபணை இல்ல."

கண்ணாயி நேரே செனட்டர் ஊட்டுக்குப் போனாள். அவர் இல்லாத நேரம். அற்புதம் மொளகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மாமாவ உக்கார வெக்க ஒரு வழி சொல்லுங்க."

"நானும் கண்ணாலம் கட்டுன நாள்லருந்து அதைத்தான் தேடறேன்" என்றாள் அற்புதம். "சோத்தக்கூட நின்னுக்கிட்டே திங்கற மனுசன். கண்ணாலத்தன்னிக்கு ஒரே ஒருக்கா உக்காந்தாரு. அதும் போட்டோக்காரன் சொன்னதால."

கண்ணாயி ஒரு கை மொளகைப் பரப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆனி மாதக் கூட்டம் வந்தது. அதை விட்டால் ஆடிதான். செனட்டர் எழுந்து, மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். அரைமணி நேரத்தில் வாசலில் மேளச் சத்தம். எங்கள் பக்கத்துப் பெண்கள் முழுக்கத் திரண்டு உள்ளே வந்தார்கள். பின்னால் நாங்கள் நாலு ஆம்பளைகள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனோம். கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விடுவார்களே, சிவப்பு வெல்வெட்டும் சிங்க முகமுமாக, அது. கூடவே ஒரு பேனர்: 'நின்று உழைத்த எங்கள் செனட்டருக்கு நன்றியுடன், பலாமரத்து வளைவுத் தாய்மார்கள்.' ரோஜா மாலை, சரிகை போட்ட பொன்னாடை, சேலத்திலிருந்து வரவழைத்த போட்டோக்காரர்.

செனட்டர் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தார். பேசிக்கொண்டே பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டார். போட்டோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயா, நீங்க நின்னா மாலை பாதிதான் வருது. தலைவர்னா நடுவுல உக்காரோணும், மத்தவங்க சுத்தி நிக்கோணும். அமெரிக்காவுக்கு அனுப்பற படம் பாருங்க."

அமெரிக்கா என்ற சொல் வேலை செய்தது. செனட்டர் நாற்காலியைப் பார்த்தார். சிங்கங்கள் அவரைப் பார்த்தன. கோட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. அதே மூச்சில் சிவரஞ்சனி, "தீர்மானம் ஓட்டுக்கு விடப்படுகிறது, ஆட்சேபணை உண்டா, இல்லை, நிறைவேறியது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தனக்குத்தான் என்று நினைத்து செனட்டர் கும்பிட்டார்.

ஆடி பிறந்த அன்று பஸ் நின்றது. நிறுத்தத்தைத் திறந்துவைத்தவர் யாரென்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். ரிப்பனை வெட்டிவிட்டு பஸ்ஸின் படிக்கட்டில் ஏறி நின்று, தன் நெடுநாள் போராட்டம் வென்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அமெரிக்க செனட்டர் அனுப்பிய வாழ்த்தையும் வாசித்தார். அதில் ஈக்வடார் மக்களுக்கு அன்பு தெரிவித்திருந்தது. அங்கே நம்ம ஊரை அப்படித்தான் சொல்லுவாங்க என்று விளக்கினார். உள்ளே கம்பியைப் பிடித்து நின்ற வெண்ணிலா மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் படியில் நிற்கும் வரை பஸ் நகராது.

கண்ணாயிதான் கீழேயிருந்து கூப்பிட்டாள். "மாமா, கீழ எறங்குங்க, போட்டோ."

இறங்கினார். கண்டக்டர் விசில் அடித்தார். வெண்ணிலா அன்று ஷட்டர் தூக்குவதற்கு முன்பே கடை வாசலில் நின்றாள். வேலை தங்கியது. செனட்டரின் ஜீப்புகளும் நஷ்டப்படவில்லை. பஸ் விட்டு இறங்குகிறவர்களை உள்ளூர்களுக்கு ஏற்றிப்போக இப்போது வளைவிலேயே நிற்கின்றன. நிறைந்தால்தான் கிளம்பும்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். அடுத்த தேர்தல் வந்துவிட்டது. அந்த நாற்காலிப் படம் மலை முழுக்கச் சுவரில் ஏறியது: 'தாய்மார்களே அமர வைத்த தலைவர்.' செனட்டர் நடுவில் சிங்கங்களோடு, பக்கத்தில் கண்ணாயி முழுப் பல்லும் தெரிய. எதிர்த்து நிற்கலாமா என்று யோசித்த ஒருத்தர் எங்களிடம் வந்து, அந்தப் பாராட்டு நாடகம்தானே, வெளியே சொல்லுங்கள், நான் ஜெயித்துவிடுவேன் என்றார். எங்களுக்கும் சொல்ல ஆசைதான். எதற்கும் கேட்டுவிடுவோமென்று பி.டி.ஓ.விடம் போனோம்.

சிவரஞ்சனி புத்தகத்தைப் புரட்டினார். முகம் வாடியது.

"அவர் தானா உக்காந்ததாலதான் தீர்மானம் செல்லும். ஏமாத்தி உக்கார வெச்சோம்னு நீங்களே சொன்னா அது செல்லாது. நிறுத்தம் ரத்தாயிரும். பாராட்டு உண்மையா இருக்கணும்."

"எத்தன நாளைக்குங்க?"

"அங்க பஸ் நிக்கற காலம் வரைக்கும்."

அதனால் ஆனி மாதம் வந்தால் நாங்கள் அவருக்கு உண்மையாகப் பாராட்டு விழா எடுக்கிறோம். சிங்க நாற்காலி வாடகைக்கு எடுக்கும் கடை இப்போது அற்புதம் பெயரில் இருக்கிறது. எதிர்த்து நிற்க வந்தவர் நிற்கவில்லை. அவர் ஊருக்கும் ஒரு பஸ் நிறுத்தம் தேவைப்பட்டது.

ஓட்டுப் போடும் நாளில் வெண்ணிலா கடைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு வந்தாள். பள்ளிக்கூட வாசலில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மறுக்காவும் இவுருதானா?" என்று கேட்டாள்.

கண்ணாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்ன கண்ணு பண்ண. பஸ் நிக்கோணும்னா மாமாவும் நிக்கோணும்."

வரிசை நீளமாக இருந்தது. நாங்களும் நின்றோம்.