கிழிந்த பாய்க்கு நான் சொன்ன தீர்ப்பு

நான் நேர்மையான மனுஷன். சோதனை வராத நாட்களில் எல்லாம் அப்படித்தான் இருந்திருக்கிறேன். சோதனை வந்தது ஒரே ஒரு நாள், தாமல் ஏரியில்.

அந்த வருடம் நல்ல மழை. ஏரி நிரம்பியதும், ஏனாத்தூர்ப் பக்கம் காலேஜ் படிக்கிற பிள்ளைகள் சிலர் பிளைவுட்டில் சின்னச் சின்னப் படகு செய்து, பாய் கட்டி, போட்டி வைத்தார்கள். நடுவர் நான். சென்னையில் ஒரு பாய்மரப் படகு கிளப்பில் கொஞ்ச காலம் கணக்கு எழுதியதுதான் என் தகுதி. (படகில் ஏறியதில்லை. தலை சுற்றும்.) அப்புறம் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில், வருகிற சேலைகளில் டேமேஜ் பார்க்கும் வேலை. சேதம் பார்க்க என்னைவிட ஆள் ஏது என்று எனக்கே ஒரு நினைப்பு.

விதி எளிது. ஒரு படகு இன்னொன்றை இடித்தால், இடித்தவர் அங்கேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போட்டியைத் தொடரலாம். பெரிய சேதம் செய்துவிட்டால் விலகியே ஆகவேண்டும். எது பெரிய சேதம் என்பதை நடுவர் முடிவு செய்ய வேண்டும். வினையே அங்கேதான்.

முதலில் இடித்தவன் செவிலிமேட்டு முரளி. எதிராளியின் பாய் ஒரு சாண் கிழிந்துவிட்டது. மைக்கைப் பிடித்தேன்.

"ஒரு சாண் கிழிசல் பெரிய சேதம். முரளி அவுட். யாரா இருந்தாலும் இதே தீர்ப்புதான்."

(அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லித் தொலைத்தேன்.)

அடுத்து இடித்தது ரேவதி. மறுவாரம் எனக்கும் அவளுக்கும் நிச்சயதார்த்தம். அவள் முன்னால் மைக்கோடு நிற்கும் ஆசையில்தான் நடுவர் வேலைக்கே ஒப்புக்கொண்டிருந்தேன். போதாததற்கு அவள் அப்பா வேறு கரையில் நின்று, "இன்னா மாப்ள, எங்க பொண்ணு ஜெயிச்சிடும்ல?" என்று கேட்டுவிட்டிருந்தார்.

இடிபட்ட படகைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பாயில் கிழிசலை அளந்தேன். விரல்களை எவ்வளவு நீட்டியும் அது ஒரு சாணுக்குக் குறையவில்லை.

"சின்ன சேதம். ரெண்டு சுத்து போதும்" என்றேன்.

முரளி விடவில்லை. "சார், நான் கிழிச்சதும் ஒரு சாண்தானே? என்னை மட்டும் வெளிய அனுப்பிட்டீங்க?"

என் வாய்தான் எனக்கு எதிரி. "நீ கிழிச்சது பாவுலப்பா. நெடுக்கு நூல் போச்சுன்னா சேலையே போச்சு. இது ஊடையில, குறுக்கு நூல்ல கிழிஞ்சிருக்குது. சரி பண்ணிடலாம்."

கரையில் நின்ற பாதிப் பேர் தறிக்காரர்கள். ரேவதி படகிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, அந்தப் பாயைப் பார்த்தாள். யார் கல்யாணத்துக்கோ அடித்த ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டித் தைத்த பாய். கிழிசல் மாப்பிள்ளையின் மீசை வழியாகப் போயிருந்தது.

"ஃப்ளெக்ஸ்ல பாவு ஏது சார், ஊடை ஏது?"

ஏரிக்கரையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"முரளிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நாளைக்கு உங்கம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்தா, இப்டித்தான் ஆள் பார்த்துச் சொல்லுவீங்களா?"

பதறிப்போய் மைக்கில் "ரேவதி அவுட்" என்று கத்தினேன். அதற்குள் அவள் தன் படகுப் பாயைச் சுருட்டிவிட்டாள்.

சாயங்காலம் அவள் அப்பா போன் செய்தார். "நிச்சயத்த கொஞ்சம் தள்ளி வச்சிக்கலாம்பா. பொண்ணு யோசிக்கணும்னு சொல்லிக்கினு இருக்குது."

அன்று ராத்திரியே முரளியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் பெருந்தன்மையாக, "விடுங்க சார், லவ்வுல இதெல்லாம் சகஜம்" என்றான். நான் மன்னிப்புக் கேட்டதை அவனே ரேவதியிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறான். ஒருவழியாக அவள் மனம் இறங்கியது, ஒரு நிபந்தனையோடு. வீட்டில் எந்தச் சண்டைக்கும் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒப்புக்கொண்டேன்; கல்யாணமும் நடந்தது.

போன மாதம் அம்மாவின் பழைய ஊறுகாய் ஜாடி ரேவதி கைபட்டு விழுந்தது. "பார்த்து எடுக்கக் கூடாதாம்மா?" என்று அம்மா குரலை உயர்த்த, "விளிம்புதான் அத்தை போயிருக்குது" என்று ரேவதியும் விடாமல் நிற்க, நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. நான் அடுப்படிக்குள் போய், "இது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இருப்பா" என்றார் அம்மா. "ஜாடியில பாவு எது, ஊடை எதுன்னு கிளம்பிடுவே."

ரேவதி குபீரென்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கூடத்துக்கு டீ குடிக்கப் போனார்கள். ஜாடிச் சில்லுகளை நான்தான் பெருக்கி அள்ளினேன்.