உறுப்பினர் எண் 217 உயிரோடிருப்பது குறித்து

மதிப்பிற்குரிய செய்திமடல் ஆசிரியர் திரு. நார்மன் பிக்கர்ஸ்டாஃப் அவர்களுக்கு,

பர்ட்டனிலிருந்து வில்ஃப்ரெட் டாட்ஸ்வொர்த் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இந்த வரியை எல்லோரும் சம்பிரதாயத்துக்கு எழுதுவார்கள். நான் இம்முறை சாட்சியமாக எழுதுகிறேன். ஏனெனில் நம் கழகத்தின் இலையுதிர்கால இதழில், நான்காம் பக்கத்தில், தாங்கள் எனக்கு இரங்கல் வெளியிட்டிருக்கிறீர்கள்.

தவறு என்னுடையதே. பழைய பீர் ஆலைகளின் விளம்பர பேட்ஜ்களைச் சேகரிக்கும் நமக்குள் ஒரு வழக்கம் உண்டல்லவா, உறுப்பினர் இறந்தால் அவருடைய எண் பொறித்த கழக பேட்ஜை வீட்டார் தங்களுக்குத் திருப்பி அனுப்புவது. என் பேட்ஜின் ஊசி முறிந்துவிட்டது. ஊசி மாற்றித் தருவதும் தாங்கள்தானே என்று உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். உடன் வைக்க எழுதிய சீட்டு சமையலறை மேசையில் ஜாம் புட்டிக்கு அடியில் இப்போதுதான் அகப்பட்டது. முப்பத்தொரு வருஷம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திய நான், விடையை மட்டும் எழுதி வழிமுறையை விட்டுவிடும் பையனுக்கு மதிப்பெண் போட்டதில்லை. அதே வேலையை இப்போது நானே செய்திருக்கிறேன். தாங்கள் தொலைபேசியிலும் விசாரித்தீர்கள் போலிருக்கிறது, இரண்டு நாள் மணி அடித்தது. என்னைக் கூப்பிடுவது ஜன்னலை மாற்றச் சொல்லும் கம்பெனிக்காரர்கள் மட்டுமே என்பதால் எடுக்கவில்லை.

இரங்கல் மூன்று வரி. பேட்ஜ்களை நேர்மையாக மாற்றிக்கொள்வார், பார்சலை நன்றாகக் கட்டுவார், கூட்டங்களுக்கு வரமாட்டார். திருத்த ஒன்றுமில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஓட்டியது என் மனைவி ஈனிட். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

போன வியாழக்கிழமை வாசல் மணி அடித்தது. டார்பியிலிருந்து திருமதி டனிக்ளிஃப், அவர் கொழுந்தனார் ஆர்னல்டு. இருவரும் கறுப்பு உடையில், கையில் துக்க வீட்டுக்கென்று பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ‘பை’ என்ற பலகாரத்துடன் நின்றார்கள். பதினொரு வருஷமாகத் தபாலில் பேட்ஜ் மாற்றிக்கொள்கிறோம், முகம் பார்த்ததில்லை. அந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க அவரோட அண்ணனுங்களா? ரொம்ப நல்ல மனுசங்க அவரு” என்றார். நான்தான் அவர் என்றேன். “பாவம், அதிர்ச்சியில பேசுறாரு” என்றார் ஆர்னல்டு, அந்தம்மாள் காதில்.

நிரூபிக்கக் கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் திரும்பிப் போவார்களென்று நினைத்தேன், போகவில்லை. அந்தப் பலகாரத்தை வெட்டி, டீ போட்டு, என் நானூத்திப் பன்னெண்டு பேட்ஜையும் சாப்பாட்டு மேசையில பரப்பியாச்சு. கால்டர்ஷா ஆலையோட நீல எனாமல் வாத்து பேட்ஜைப் பாத்ததும் ஆர்னல்டு மூச்சே விடல. அது யாருக்கு என்று இருவருக்கும் என் முன்னாலேயே தகராறு.

“அவரு இருந்திருந்தா இதை எனக்குத்தான் குடுத்திருப்பாரு.”

“இருக்கேன்” என்றேன்.

“அப்ப குடுங்க.”

“சும்மா இருய்யா, மனுசன் இப்பத்தான் உயிரோட வந்திருக்காரு” என்று அந்தம்மாள் அவரை அதட்டினார்.

அஞ்சு மணி நேரம் இருந்தாங்க. வாத்தைக் கொடுக்கவில்லை. அவர்கள் போன பிறகு மூன்று கோப்பைகளைக் கழுவினேன். ஒரு கோப்பையைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்றுக்கு ஆகிற நேரம் மறந்துபோயிருந்தது.

ஆகவே, அடுத்து வரும் குளிர்கால இதழின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், நான் உயிரோடிருக்கும் செய்தியைத் தவறாமல் வெளியிட்டு, என் பேட்ஜையும் புது ஊசியுடன் அனுப்பி உதவ வேண்டுகிறேன். தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. தங்கள் முழங்கால் வலி இந்தக் குளிரில் தணியட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
வி. டாட்ஸ்வொர்த்

பி.கு.: உறையை ஒட்டும் முன் தபால் வந்தது. நாட்டிங்காமிலிருந்து மூன்று உறுப்பினர்கள், துக்கத்திலிருக்கும் குடும்பத்தாருக்குச் சனிக்கிழமை வந்தால் தொந்தரவாக இருக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். தொந்தரவே இல்லை, மதியச் சாப்பாட்டுக்கே வரலாம் என்று குடும்பத்தார் சார்பில் நானே எழுதிவிட்டேன். மறுப்புச் செய்தியைத் தாங்கள் வசந்தகால இதழுக்குத் தள்ளிவைத்தால் போதும்.