வற்றிய சம்பில் கடல் சத்தம்

கம்பம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் சலீம் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரெஹானாவின் வீட்டுக்காரன் அலி அக்பர் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சுகம். அங்கே ரெஹானா சுகமாக இருப்பதை, அவள் என் போனை எடுக்காததிலிருந்தே தெரிந்துகொண்டேன். நீங்களும் பாதிப் பேச்சில் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

அவள் கோபித்துக்கொண்டு உத்தமபாளையம் வந்ததற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். கொச்சியில் பழைய சாமான் கடையில் அந்த ரெக்கார்டு பிளேயரையும் ஒரு கட்டு இங்கிலீஷ் ரெக்கார்டுகளையும் வாங்கியது யார்? வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனது யார்? ஹார்டுவேர் கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுசன் முன்னால் இப்படி ஒன்றை வைக்கலாமா? ஒரு ரெக்கார்டின் அட்டையில் கோடு போட்ட சட்டைக்காரப் பையன்கள் ஆளுக்கொரு பலகையோடு கடற்கரையில் நிற்கிறார்கள். தச்சு வேலைக்கு வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். அலைமேல் ஏறி நிற்கிற பலகையாம். பாட்டுக்குச் சர்ஃப் பாப் என்று பெயராம். ஊசியை வைத்தேன். கம்பத்தில் கடலுக்கு எங்கே போவது? என் நடுவீட்டில் அலை அடித்தது மச்சான்! உப்புக்காற்றில் பிசுபிசுக்கிறதா என்று சட்டையைக்கூடத் தொட்டுப் பார்த்தேன்.

இதை எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. யூடியூப்பில் தேடினேன். அப்படிப் பாடியவர்களில் பல பேருக்குப் பலகையில் ஏறவே தெரியாதாம்! அடைத்த அறைக்குள் உட்கார்ந்து செய்த கடலாம். கிடார், பியானோ, டிரம்ஸ், சலங்கை எல்லாரையும் நெருக்கி உட்காரவைத்து ஒன்றாக வாசிக்கச் சொல்வார்களாம். ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்கில் கசிந்து, எது கிடார் எது பியானோ என்று பிரிக்க முடியாமல் புதிதாக ஒரு வாத்தியம் பிறக்குமாம். ரெஹானாவின் பிரியாணியில் பட்டை தனி, கிராம்பு தனி என்றா மணக்கிறது? அப்புறம், ஒரே ஆளை அதே வரியை மறுபடி பாடவைத்து முதல் குரல்மேல் ஏற்றுவார்கள். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் பாடினாலும் மயிரிழை வித்தியாசம் வரும். அதில்தான் குரல் தடிக்கிறது. எல்லாவற்றையும்விட அதிசயம் எதிரொலி. ஒரு வெறும் சிமெண்ட் அறைக்குள் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, சுவரில் மோதித் திரும்புவதை மைக்கில் பிடித்துக் கலப்பார்களாம். நம் வீட்டில் அப்படி ஓர் அறை இல்லையே என்று ஏங்கினேன். இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை வாசலுக்கடியில் இருக்கிற சம்புத் தொட்டியின் தண்ணீரையெல்லாம் மோட்டார் போட்டுத் தென்னைக்கு விட்டேன். ஞாயிறு காலை குழாயில் தண்ணீர் வந்து நிரம்பிவிடும் என்ற தைரியம். எங்கேயோ குழாய் உடைப்பாம், தெருவுக்கே வரவில்லை. வந்தது தேவாரம் ஊர்ச் சம்பந்தி வீடு. என் மகள் லத்திபாவின் மாமனார், மாமியார், வேன் நிறைய ஆட்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் விருந்து! பிரியாணிக் கையோடு எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள், குழாய் உஸ்ஸென்று மூச்சு விடுகிறது. பெட்டிக்கடையிலிருந்து சோடா வாங்கிவந்து ஆளாளுக்குக் கையில் ஊற்றினேன்.

"கம்பத்துல இதுதான் வழக்கமா?" என்று மாமியார் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர்கள் மனம் குளிரட்டும் என்று நான் போய் ரெக்கார்டைப் போட்டுவிட்டேன். சம்புக்குள் இறக்கியிருந்த ஸ்பீக்கர் முழங்கியது.

"என்ன சம்பந்தி, தொட்டிக்குள்ள கடலு கெடக்குது?" என்றார் மாமனார்.

"எறங்கிப் பாக்குறீகளா?"

பேச்சுக்குத்தான் கேட்டேன். மனுசர் வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் இறங்கிவிட்டார். நானும் பின்னாலேயே இறங்கி, மேலே நின்றவர்களிடம் பாட்டை நிறுத்தச் சொன்னேன். சம்பந்தி கை தட்டினார். தும்மினார். "யப்பா, என் தும்மலு எம்புட்டுப் பெருசு!" என்று பூரித்துப்போனார். அப்போது மேலே ரெஹானாவின் தலை தெரிந்தது.

"ஏங்க! வந்தவுகளுக்குக் கை கழுவத் தண்ணியில்ல, அவுகளையும் குழிக்குள்ள எறக்கிட்டீகளா? ஊரு உலகத்துச் சத்தத்தையெல்லாம் காத வச்சுக் கேக்குறீகளே, என் பேச்ச ஒரு நாளாச்சும் முழுசாக் கேட்டிருக்கீகளா?"

அடுத்த பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மச்சான், எதிரொலியைப் பிடிக்க வைத்திருந்த என் போன் அப்போது சம்புக்குள் பதிவில் ஓடிக்கொண்டிருந்தது. 'கேட்டிருக்கீகளா' என்பது நாலு சுவருக்கும் போய்த் திரும்பி வருகிறது, என்ன குரல்! முதலில் சத்தத்தைத்தான் ரசித்தேன். அப்புறம்தான் அது கேள்வி என்று உறைத்தது. உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அவள் இல்லாமல் என்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எனவே ஸ்பீக்கரை வெளியே எடுத்தாயிற்று. சம்பைக் கழுவி நிரப்பியாயிற்று. ரெக்கார்டுகளைக் கட்டி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இனி இந்த வீட்டில் பாட்டு என்ற பேச்சே கிடையாது. ரெஹானாவை எப்படியாவது சமாதானப்படுத்தி அனுப்பிவையுங்கள். பெரியவர்களுக்குச் சலாம், பிள்ளைகளுக்கு துஆ, கோபமாக இருக்கிறவளுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட
அலி அக்பர்

பி.கு.: சம்பைக் கழுவியது மட்டும்தான் உண்மை, இன்னும் நிரப்பவில்லை. ஸ்பீக்கரும் உள்ளேதான் இருக்கிறது. ஒரே குரலை இன்னொரு தடவை பதிந்தால்தான் தடிக்கும் என்று மேலே எழுதினேன் அல்லவா? அதனால் அவளைச் சமாதானப்படுத்தித் தொலைக்காதீர்கள். கோபம் ஆறுவதற்குள் அனுப்புங்கள். வந்ததும் நேரே சம்பு வாய்க்கு வந்து, அதே வார்த்தைகளை மறுபடியும் சொல்லட்டும். தும்முவதற்குச் சம்பந்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை நான் மட்டும் உள்ளே நின்று, அவள் முடிக்கிறவரை முழுசாகக் கேட்பேன் என்று சொல்லுங்கள்.