பாதுகாப்பு அதிகாரியின் மூன்று காப்பிகள்

"டிவிடி பத்து வருஷம் தாங்கும். பென் டிரைவ் சட்டைப்பையில அடங்கும். ஹார்டு டிஸ்க்ல இடம் நிறைய. எது வேணும், சொல்லு!" சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவைத்துக்கொண்டு கேட்டார் பாதுகாப்பு அதிகாரி.

"தட்டு வைக்க இடம் வேணும்," என்றாள் மனைவி.

தொழிற்சாலையில் தீ விபத்து ஒத்திகை நடத்திச் சம்பளம் வாங்குகிறவர் அவர். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த பதினாலாயிரம் படங்களும் வீட்டுக் கணினியில்தான் இருந்தன. வீடு தீப்பிடித்தால்? அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றிலும் காப்பி எடுத்தார். வீட்டிலேயே வைத்தால் வீட்டோடு போய்விடுமே! டிவிடிகள் அக்கா வீட்டுக்கும் பென் டிரைவ் சகலை வீட்டுக்கும் போயின. ஹார்டு டிஸ்க்கை அலுவலக இழுப்பறையில் பூட்டினார். எவனாவது திறந்து பார்த்துவிட்டால்? முப்பது எழுத்தில் ஒரு கடவுச்சொல்லும் போட்டார்.

நாலு மாதம் கழித்து மனைவி கேட்டாள்: "அதெல்லாம் சரி, ஒரு தடவையாவது திருப்பி எடுத்துப் பாத்தீங்களா?"

சுருக்கென்றது. ஒத்திகையைப் பற்றி அவருக்கே பாடமா! அடுத்த ஞாயிறு காலையில் கணினி ரிப்பேர்காரர் வந்து நின்றார்.

"தீ ஒத்திகை! உள்ள இருக்கறதை எல்லாம் சுத்தமா துடைச்சிடுங்க!"

ரிப்பேர்காரர் மனைவியைப் பார்த்தார். "சார் சொல்றபடி செய்யுங்க," என்று அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அரை மணியில் கணினி ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளையாகிவிட்டது. அதிகாரி அக்காவுக்குப் போன் போட்டார்.

"அந்த டிவிடியாடா? தங்கமான சாமான்! பால்கனியில நூல் கட்டித் தொங்கவிட்டேன். நாலு மாசமா வெயில்ல பூச்சு உரிஞ்சாலும் பளபளன்னு ஆடுது, ஒரு புறா கிட்ட வரல!"

அடுத்து சகலை.

"பென் டிரைவா? அதுல ஏதோ குழந்தை படமா அடைச்சிருந்துச்சு சகலை. சினிமா ஏத்த இடம் பத்தல, அழிச்சிட்டேன். ஏன், உங்ககிட்ட வேற இருக்குமே?"

அதிகாரி அலுவலகத்துக்கு ஓடி, ஹார்டு டிஸ்க்கோடு மூச்சிரைக்கத் திரும்பினார். செருகியதும் கடவுச்சொல் கேட்டது. முப்பதில் ஆறு எழுத்துதான் ஞாபகம் வந்தது.

"எங்கேயாவது எழுதி வெச்சிருப்பீங்களே?" என்றாள் மனைவி.

"வெச்சேன்." கணினியைக் காட்டினார். "இதே கம்ப்யூட்டர்லதான்."

நாற்காலியில் சரிந்தார். மகளின் முதல் பல், முதல் நடை, பள்ளிக்கூட வாசலில் அழுத அழுகை, எல்லாம் போயிற்று. தீகூட இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருக்காது. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மனைவி ரிப்பேர்காரரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அழாதீங்க சார். போன வருஷம் நீங்க வெளியூர் போயிருந்தப்பவே உங்க டிஸ்க் செத்துப்போச்சு. மேடம் மாசாமாசம் எடுத்து அவங்க ஆபீஸ்ல வெக்கற காப்பியைத்தான் போட்டுக் குடுத்தேன். அது இன்னும் அங்க பத்திரமா இருக்கு. நீங்க மூணு காப்பி எடுத்ததே அதுலேருந்துதான்!"