சித்தாபுரத்துச் சம்பந்தியும் வெள்ளைப் பருந்தும்

சிர்சி,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் சீதாராம பாவ அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் கஜானனன் பணிவுடன் எழுதுவது. மாரிகாம்பா தயவில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே அக்காவின் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முந்தின வருடம் தங்கள் தங்கை பாகீரதி பாக்குக் களத்தில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு இரண்டு மாதம் படுத்திருந்தது தாங்கள் அறிந்ததே. பொழுது போகட்டும் என்று மகள் சுகந்தி அவளுடைய போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். வயல், ஆலை, மதில், படை என்று பழங்காலத்து ராஜ்யம் ஒன்றைக் கட்டி ஆள வேண்டுமாம். கால் கூடிவிட்டது, ராஜ்யம் விடவில்லை. இன்று தங்கள் தங்கை நாற்பத்திரண்டு ஊர்களுக்கு ராணி. அதையும் பொறுத்தேன். ஆனால் அதில் ஏழு அரும்பொருள்கள் இருக்கின்றன, பாவ. சில வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும், சிலவற்றை அடுத்தவன் கோட்டையிலிருந்து கொள்ளையடிக்க வேண்டும். துறவியின் மணி, பிஷப்பின் மோதிரம் என்று ஆறு சேர்த்துவிட்டாள். மணிக்கு மட்டும் பதினோரு மாதம் காத்திருந்தாள். ஏழாவதான வெள்ளைப் பருந்து, கருங்கொம்பன் என்ற பெயரில் எங்கிருந்தோ ஆடும் பொல்லாத ராஜாவிடம் இருக்கிறதாம். தினமும் மாவு அரைக்கும்போது, "அவன் குடும்பம் விளங்குமா?" என்று சபிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தாபுரத்திலிருந்து சுகந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கால்நடை மருத்துவர். யாரும் கேட்காமலே சுகந்தி இரண்டாம் தடவை பால் வெல்லக் கஷாயம் கொண்டுவந்து வைத்ததிலிருந்து அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பையனின் அப்பா மகாபலேஷ்வர பட்டர் அப்பளம் போன்ற கரும்புச்சாற்று இனிப்பான தொடதேவை ஒடித்து வாயில் போடுகிறார், அவர் சட்டைப் பையில் போன் கொம்பு ஊதுகிறது. அதே கணம் சமையலறையில் தங்கள் தங்கையின் போன் அபாயமணி அடிக்கிறது. கையில் கரண்டியோடு அவள் கூடத்துக்கு ஓடி வருகிறாள்.

"என்னங்க! கருங்கொம்பன் வடக்கு வாசலை உடைக்கறான்! மணி போயிடும்!"

பட்டருக்குத் தொடதேவு தொண்டையில் நின்றுவிட்டது. "நீங்க... ராணி பாகீரதியா?"

"நீயா அவன்?" என்றாள், பாவ. சம்பந்தியாக வந்த மனிதரை, 'நீயா'!

"வீட்லேர்ந்து கிளம்பும்போதே படையை அனுப்பிட்டேம்மா. பாதி வழியில திருப்ப முடியாது. நீங்கன்னு சத்தியமாத் தெரியாது!"

"அப்ப பருந்தைக் குடுங்க."

"மூணு வருஷமாத் தீனி போட்டு வளத்தது! முதல்ல நீங்க மோதிரத்தைக் குடுங்க, மணியைக் குடுங்க, அப்புறம் பேசலாம்."

"பொண்ணைக் குடுக்கறேன், மணியைக் குடுக்க மாட்டேன்!"

பையன் தரையைப் பார்த்தான். சுகந்தி விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பட்டரின் மனைவி, "தன் தங்கச்சி கல்யாணத்தன்னிக்கும் போன்ல தாலி கட்டற நேரத்துல மதில் கட்டிண்டிருந்த ஆளு இவரு, எந்திரிங்க" என்றார். நாலு மணி பத்து நிமிடத்துக்கு மணி பறிபோனது. தங்கள் தங்கை இழவு விழுந்த வீடு மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்த பட்டருக்கோ சிரிக்கவும் வழியில்லை, அழவும் வழியில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட இருக்காமல், சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

நாலு நாளாகச் சேதி இல்லை. சுகந்தி அம்மாவோடு பேசுவதில்லை, சாப்பிடுவதும் இல்லை. "உனக்கு மணி பெரிசா, மக பெரிசா?" என்று நேற்று கேட்டே விட்டேன். "இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்கிறாள்! பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது? அவள் பயப்படுவது தங்கள் ஒருவருக்குத்தான். சனிக்கிழமை பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்து, மாரிகாம்பா சன்னதியில் நிறுத்தி, இனி இந்த விளையாட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கித் தாருங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் ராஜ்யம் எதுவும் இல்லாமல் நீண்ட நாள் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
கஜானன ஹெகடே

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் பட்டர் போன் செய்தார். கல்யாணத்துக்குச் சம்மதம். இருபத்திரண்டாம் தேதி முகூர்த்தம், அன்று இரு ராஜ்யங்களும் போர்நிறுத்தம். சுகந்தி நாலு தோசை சாப்பிட்டாள். தயவுசெய்து சத்தியம் எதுவும் வாங்கிவிடாதீர்கள். ராணி விலகினால் வடக்கு எல்லையை யார் காப்பது, அப்புறம் இந்தச் சம்பந்தமே எதற்கு என்கிறார் பட்டர். இரு ராஜ்யங்களும் சேர்ந்து அமைக்கும் கூட்டணிக்கு இன்னும் ஒரு ராஜா குறைகிறதாம். பாகீரதி தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள்.